தண்ணீர் ஊற்றியே கெட்ட டிராக்டர்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. மணப்பாறை பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரி, ஒரு ஏக்கர் போர் பாசனம். அப்பா 1987-ல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் எங்களிடம் இருக்கிறது. அவர் இறந்த பிறகு ஆறு வருடம் கொட்டகையிலேயே நின்றது. போன மாதம் பேட்டரியும் டீசல் ஃபில்டரும் மாற்றி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலப்பை போட்டு அரை மணி நேரம் உழுதால் ரேடியேட்டர் கொதித்துவிடுகிறது. அப்பா காலத்திலும் தினம் காலையில் ஒரு சொம்பு போர் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் என்ஜினையே இறக்க வேண்டும் என்கிறார். அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போய் மைத்துனருக்குக் கையில் வெந்நீர் அடித்துக் கொப்புளமாகிவிட்டது. புரட்டாசி உழவுக்குள் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: தம்பி, முதலில் மைத்துனர் கை. கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலும், விரல் மூட்டில் பட்டிருந்தாலும், சீழ் வைத்திருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவக் கூடாது.

அந்த மூடி ஏன் அப்படிச் சீறுகிறது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் யாரும் அதன் கிட்டவே போகமாட்டார்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். 7 பவுண்டு அழுத்த மூடி போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். அதுவரை சும்மா இருந்த தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்துக் கிளம்பும். குக்கர் மூடியை விசில் அடங்குமுன் திறப்பதும் இதுவும் ஒன்றுதான். என்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆகட்டும். மேல் தொட்டியைக் கையால் தொட்டுச் சூடு இல்லை என்று பார்த்த பிறகு, சாக்குத் துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் திருப்போடு நிறுத்தி, காற்று போனபின் எடுங்கள்.

உழுதுகொண்டிருக்கும்போது முள் சிவப்புக்கு ஏறினால் கலப்பையைத் தூக்கி, சுமையில்லாமல் மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் விட்டு, பிறகு நிறுத்துங்கள். தண்ணீர் ஏற்கெனவே கொட்டிப்போய் ஆவி வந்துகொண்டிருந்தால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். சூடான என்ஜினில் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அதற்குப் பிறகு உங்கள் அண்ணன் சொல்வதுதான் நடக்கும்.

இப்போது நோய்க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தினம் ஒரு சொம்பு போர் தண்ணீர். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போதும் பாதிப் பேர் அதை நல்ல பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் ரேடியேட்டர் என்பது மூடிய வட்டம். ஒருமுறை நிரப்பிய அதே தண்ணீர்தான் என்ஜினுக்குள் போய்ச் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பப் போக வேண்டும். தினமும் குறைகிறது என்றால் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் உங்கள் போர் தண்ணீரைக் கொடுத்து வாங்கிய அறிக்கை இருந்தால் எடுங்கள். அதில் கால்சியமும் மக்னீசியமும் மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் இருக்கும். இரண்டையும் கூட்டி 50-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்று வரும். இரண்டும் சேர்ந்து 12 என்றால் 600 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். நம் பக்கத்துப் போர்களில் பல அதையும் தாண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் அந்த 600 மில்லிகிராமும் உள்ளேயே தங்கும். வருடத்துக்கு 200 நாள், நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் 120 கிராம். பத்து வருடத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். மொத்தமே பத்து லிட்டர் சுமார் பிடிக்கிற இடத்தில் ஒரு கிலோ சுண்ணாம்பு! தண்ணீர் ஆவியாகாமல் சொட்டாக ஒழுகியிருந்தால் கொஞ்சம் உப்பும் கூடவே போயிருக்கும். கணக்கு அதற்குத் தக்கபடி குறையும். வழி மட்டும் அதுவேதான்.

அந்தச் சுண்ணாம்பு போய் உட்காரும் இடம் மோசமான இடம். சூடு அதிகமுள்ள சிலிண்டர் சுவரிலும் ஹெட்டிலும்தான் முதலில் படியும். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவதில் இருபதில் ஒரு பங்கு கூட இந்தப் படிவு கடத்தாது. பாத்திர அடியில் தீய்ந்த சோறு ஒட்டிக்கொண்டால் மேலே வைத்த தண்ணீர் சூடாக நேரம் ஆகிறதே, அதே கதை. அதற்கு மேல் ஆறு வருடம் சும்மா நின்றதில் துருவும் சேறும் கீழே தங்கியிருக்கும். ஆகவே என் கணிப்பு, உங்கள் டிராக்டருக்கு வயசு நோய் இல்லை, தண்ணீர் நோய். ஆனால் கணிப்பை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீர் விளிம்பு வரை இருக்கும்படி வைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே சீராகக் குமிழ் வந்துகொண்டே இருக்கிறதா? ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா? சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளை ஆவி நிற்காமல் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் விரிசலும் இருக்கலாம். அப்படியானால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டாவது மெக்கானிக் பாதி சரி. எதுவும் இல்லை என்றால் என்ஜினை இறக்குகிற பேச்சே வேண்டாம். நின்ற இடத்தில் ஐந்து பத்து நிமிடத்தில் கொதிக்காமல், உழவுச் சுமையில் அரை மணி நேரம் கழித்துக் கொதிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பின் அடையாளம். உள்ளேயோ வெளியேயோ.

வெளியே பார்ப்பது எளிது. கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும். கதிரடிப்பில் பறந்த பதரும் தூசியும் டீசல் பிசுக்கோடு சேர்ந்து ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் அடைபோல் இறுகியிருக்கும். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும், நடுவில் வெளிச்சமே புகாது. ஃபேன் காற்றை முன்னிருந்து பின்னே இழுக்கிறது. ஆகவே நீங்கள் என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊத வேண்டும். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தோட்டத்து ஹோஸில் மெதுவாக அடியுங்கள். டார்ச் வெளிச்சம் பின்பக்கமிருந்து முன்பக்கம் தெரியும்வரை விடக் கூடாது. நான் பார்த்தவரை கொதிக்கிற டிராக்டர்களில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே பாதி குணமாகிவிடுகின்றன.

அடுத்து ஃபேன் பெல்ட். நூறு வருடத்துக்கு முந்தைய ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும், அப்படியே சுற்றும். உங்கள் டிராக்டருக்கு அந்தச் சுற்று போதாது, பம்ப் தள்ள வேண்டும். பம்ப்பையும் ஃபேனையும் சுற்றுவது அந்த ஒரு பெல்ட்தான். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை வரை அமுங்கலாம். கண்ணாடி போல் பளபளத்து வழுக்குகிற பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். பம்ப்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதில் ஈரம் கசிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்த புத்திசாலிகளும் உண்டு. கசிவு அப்புறம் பேரிங்குக்குள் போய்விடும். ரப்பர் ஹோஸ்கள் ஆறு வருடத்தில் வெடித்திருக்கும், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கீழ் ஹோஸ் தொளதொளவென்று இருந்தால் பம்ப் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் முதல் மெக்கானிக்கோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஊரில் பத்து மெக்கானிக்கைக் கேட்டால் எட்டுப் பேர் கழற்றி எறியத்தான் சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது அவர்கள் வாதம். என்ஜினுக்கு வெளி வெயில் கணக்கில்லை தம்பி. 80 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரைதான் அது நன்றாக வேலை செய்யும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் காலையில் சூடேற வெகுநேரம் ஆகும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாமல் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டீசல் செலவும் கூடும், ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும். சில என்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும்.

கெட்டுப்போனதா என்று நீங்களே பார்க்கலாம். என்ஜின் தலையில் மேல் ஹோஸ் சேரும் மூடிக்குள் அது இருக்கும். வெளியே எடுத்து, நூலில் கட்டி, தண்ணீர் உள்ள பழைய பாத்திரத்தில் அடியில் முட்டாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். (சமையல் பாத்திரத்தை எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) அதன் மேல் 82 அல்லது அதை ஒட்டிய எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள். சூடு பார்க்கக் காய்ச்சல் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும்.

இனி உள் சுத்தம். ரேடியேட்டர் அடிக் குழாயையும் என்ஜின் பிளாக் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகையும், இரண்டையும் திறந்து வடியுங்கள். பிளாக் திருகைத் திறந்தும் சொட்டு வராவிட்டால் துருச் சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தி விடுங்கள். பலர் இந்தத் திருகைத் தொடுவதே இல்லை, முக்கியமான சேறு அங்கேதான். நல்ல தண்ணீர் விட்டு அலசியபின், லெமன் சால்ட் என்று கிடைக்கிற சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் கரைத்து நிரப்பி, சுமையில்லாமல் அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். கருஞ்சிவப்பாக வரும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. பிறகு ஒரு கைப்பிடி சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு ஓட்டம், அதன்பின் சுத்தத் தண்ணீரில் தெளிவாக வரும்வரை அலசல். கழிவறை ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது ஈயப் பற்றையும் பித்தளையையும் தின்றுவிடும். காஸ்டிக் சோடா அலுமினிய பாகங்களைக் கரைக்கும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்தபிறகு புதிதாக இரண்டு மூன்று இடத்தில் ஒழுகலாம். ஓட்டை முன்பே இருந்ததுதான், சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தது. அப்போது ரேடியேட்டரைக் கழற்றி, டவுனில் ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்கள். பழைய வண்டிகளில் இருப்பது செம்பும் பித்தளையும். மேல் கீழ் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். குழாய்கள் மிகவும் அரித்திருந்தால் உள் கோரை மட்டும் மாற்றித் தருவார்கள். புது அலுமினிய ரேடியேட்டரை வாங்கிக்கொண்டு பழையதை விட்டுவிட்டுப் போங்கள் என்று யாராவது பாசமாகச் சொன்னால் கவனமாக இருங்கள். அந்தச் செம்பு பித்தளையின் எடைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

நிரப்பும் தண்ணீர் இனிமேல் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர், அல்லது இரண்டு மழைக்குப் பிறகு சுத்தமான ஓட்டிலிருந்து துணியில் வடிகட்டிப் பிடித்த மழைநீர். ஆனால் உப்பில்லாத வெறும் நீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அதனால் கூலன்ட் சேர்க்க வேண்டும். நமக்குப் பனி உறைவுப் பயம் இல்லை என்பதால் கூலன்ட் தேவையில்லை என்பார்கள். நமக்கு அதில் வேண்டியது துருத் தடுப்பு மருந்து. கேன் மேல் உள்ள அளவுப்படி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கலக்கலாம். கலந்தே வருவதென்றால் அப்படியே ஊற்றலாம். மூடியைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காற்றுக் குமிழ் போனபின் மட்டம் பார்த்து மூடுங்கள். ரேடியேட்டர் மூடியும் புதிது போடுங்கள், பழைய மூடியில் உள்ள அதே அழுத்த எண்ணில்.

மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வடித்ததைத் தொழுவத்து ஓரத்தில் கொட்டினால் நாய், ஆடு, கன்று எதுவும் நக்கும். வாளியில் பிடித்து, கேனில் ஊற்றி மூடி, பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றிப் பரணில் வைக்கவே கூடாது. அதன் நிறத்தைப் பார்த்தால் குழந்தை ஜூஸ் என்றே நினைக்கும். கால்நடை ஏதாவது நக்கியது தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். குழந்தை வாய் வைத்திருந்தால் உடனே அரசு மருத்துவமனை, கேனையும் கையில் எடுத்துக்கொண்டு.

அண்ணனிடம் என்ன சொல்வது என்றால், பெல்ட், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பின் டயர் விலைக்குப் பக்கத்தில் வராது. அதற்கு மேல் ரேடியேட்டர் வேலை வந்தால் அது தனி. குமிழ் சோதனையில் தேறினால் இவ்வளவுதான் செலவு. இரும்புக்குப் போடுவது அவசரம். தேறாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும்வரை எந்த முடிவும் வேண்டாம். விரிசல் என்று தெரிந்தால் அப்போது அண்ணனோடு உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் உழவு வாடகை என்ன, உங்கள் ஐந்து ஏக்கருக்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நினைவு பெரியதுதான், ஆனால் பட்டத்தைத் தவற விட்டால் வயல் காத்திராது. புரட்டாசிக்கு மூன்று வாரம் முன்பே வேலையை முடித்து, முதலில் டிரெய்லரில் லேசான சுமை, பிறகு அரை நாள் உழவு என்று ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுவதற்கு முன் எங்கே போகிறது என்று தேடுங்கள்.

கேள்வி: டீசல் பம்ப்செட் என்ஜினுக்கும் இதே கூலன்ட் ஊற்றலாமா? எங்கள் என்ஜினில் கிணற்றுத் தண்ணீரே உள்ளே போய் வெளியே வருகிறது.

பதில்: உங்களுடையது மூடிய வட்டம் இல்லை, ஊற்றுகிற கூலன்ட் அத்தனையும் வாய்க்காலுக்குப் போய்விடும். வால்வைத் திருகித் தண்ணீர் அளவைக் குறைத்து, வெளியே வரும் நீர் 60 டிகிரி சுமார் இருக்கும்படி வையுங்கள். கையை வைத்தால் சட்டென்று எடுத்துவிடத் தோன்றும் சூடு அது. பச்சைத் தண்ணீராகவே வந்தால் என்ஜின் குளிர்ந்து டீசல் வீணாகும். அதற்கு மேல் சூடானால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உள் அறையைத் திறந்து சுரண்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டால் நிற்கிறதே, அப்படியே விட்டால் என்ன?

பதில்: நிற்கும். நடு ரோட்டில் நின்றால் போட்டுவிட்டு வீடு வந்து சேருங்கள். அது ஒழுகுகிற ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. பக்கத்தில் நல்ல குழாய்களிலும் போய் உட்காரும். வீட்டுக்கு வந்ததும் வடித்து அலசிவிட்டு, மறுநாள் ஈயம் வைக்கக் கொடுத்துவிடுங்கள்.